அதபும் அசன்பேயும்

அரபு மொழியில் ‘அதப்’ என்னும் சொல் இலக்கியத்தையும் நல்லொழுக்கத்தையும் ஒருங்கே குறிக்கும். அவ்வேரிலிருந்தே ஆசிரியரைக் குறிக்கும் ‘முஅத்திப்’ பிறந்தது. ஊராரை அழைத்து இடும் விருந்துக்குரிய ‘மஃதபா’வும் பிறந்தது. கலை, கற்பித்தல், சமூகப்பணி ஆகிய மூன்றும் ஒரே வாழ்வில் அமைந்ததற்குக் கண்டியில் 1838இல் தோன்றி 1898இல் மறைந்த அறிஞர் சித்தி லெப்பை அவர்கள் சிறந்த சான்றாவார்.

வழக்கறிஞராயிருந்த அவர் 1882இல் ‘முஸ்லிம் நேசன்’ இதழைத் தொடங்கினார். 1885இல் ‘அசன்பே சரித்திரம்’ என்னும் நாவலை வெளியிட்டார். 1892இல் வாப்பிச்சி மரைக்கார் முதலியோரின் துணையுடன் கொழும்பு மருதானையில் கல்விக்கூடம் கண்டார். பின்னாளில் ஸாஹிராக் கல்லூரியாக வளர்ந்தது அதுவே.

நம் மேடைகள் அவரைத் தலைவர் என்று போற்றுகின்றன, நூலைப் பிரிப்பதில்லை. திறனாய்வாளரோ, 1879இல் வந்த ‘பிரதாப முதலியார் சரித்திர’த்துக்குப் பின் அந்நாவலுக்கு எந்த இடம் என எண்ணிக்கை பார்ப்பதோடு அமைகின்றனர். இரண்டும் குறைநோக்கே.

எகிப்தில் உயர்குடியிற் பிறந்த குழந்தை கடத்தப்பட்டு, இந்தியாவில் வளர்ந்து, இறுதியில் தன் குலத்தை அடைவதே கதை. ஈழத்து நாவலில் ஈழம் எங்கே என்று வினவுவோர் உளர். 1882இல் ஆங்கிலேயர் எகிப்தைக் கைப்பற்றினர். மறு ஆண்டே ஒராபி பாஷாவும் தோழர்களும் இலங்கைக்கு நாடு கடத்தப்பட்டு வந்தனர். ஆகவே அன்றைய வாசகருக்கு எகிப்து அயல்வீடு போன்றது. மேலும், பிள்ளைகள் ஆங்கிலப் பள்ளி சென்றால் மார்க்கத்தை இழப்பர் என அஞ்சிய சமூகம் அது. அந்நியர் நடுவே வளர்ந்தும் தன்னை இழக்காத அசனே அவ்வச்சத்துக்கு ஆசிரியர் அளித்த மறுமொழி எனலாம்.

எனினும் அம்மறுமொழி முழுமையன்று. தற்செயல் நிகழ்ச்சிகள் கதையை மிகுதியாகத் தாங்குகின்றன. அதனினும் பெரிய குறை, அசன் உயர்குடிப் பிள்ளை என்பது. அவனுடைய பண்பு கல்வியால் வந்ததா, குருதியால் வந்ததா என்ற ஐயம் தீரவில்லை. பாஷாவைத் தந்தையாகப் பெறாத சிறு வணிகன் மகனுக்கு இக்கதை என்ன வழி காட்டுகிறது?

அவ்வினாவுக்கு நாவலாசிரியர் விடை கூறவில்லை. கல்விக்கூடம் கண்டவர் கூறினார். குலம் வினவாமல் வணிகன் மகனுக்கும் அக்கூடத்தின் கதவு திறந்தது. நூல் விட்ட இடத்தைப் பணி நிறைவு செய்தது. ஆதலின் ஒன்றை விலக்கி மற்றொன்றை மதிப்பிடுதல் நீதியன்று.

விழா எடுக்கும் இல்லங்கள் முதலில் அந்நூலை எடுத்து வாசிக்கட்டும். அதன் குறைகளையும் பிள்ளைகளோடு பேசட்டும். ஆசிரியருக்குச் செய்யும் அதப் அதுவே.