காணாத விலங்கும் கற்ற கையும்

ஓவியம் பயில்வோன் தான் வரையும் பொருளை முன்னிறுத்தி நோக்கியே கை பழகுகின்றான். மாந்தர் எவரும் உயிரோடு கண்டிராத விலங்கை வரையப் புகுவோனுக்கு அவ்வாய்ப்பு இல்லை. அவன்முன் கிடப்பன கல்லாய் இறுகிய என்புகள் சில. தசையும் தோலும் நிறமும் நடையும் அவனே தரவேண்டியன. அவன் தருவனவற்றுள் சான்றுடையது எவ்வளவு, கற்பனை எவ்வளவு என்பதே இக்கலையை மதிப்பிடுவோர் முதற்கண் எழுப்பவேண்டிய வினா.

இவ்வினாவின் கடுமையை இலண்டனின் தென்புறத்தேயுள்ள பளிங்கு மாளிகைப் பூங்கா இன்றும் காட்டிநிற்கின்றது. பெஞ்சமின் வோட்டர்ஹவுஸ் ஹோக்கின்ஸ் என்னும் சிற்பி, உடற்கூற்று அறிஞர் ரிச்சட் ஓவனின் துணைகொண்டு ஆக்கிய பேருருவங்கள் 1854ஆம் ஆண்டில் அங்கே மக்கள் காட்சிக்கு வந்தன. அவற்றுள் இகுவானோடொன் நான்கு கால்களையும் ஊன்றி, மூக்கின்மேற் கொம்பொன்று தாங்கிக் காண்டாமிருகம்போல் நிற்கின்றது. 1878இல் பெல்ஜியத்துப் பேர்ணிசார்ட் நிலக்கரிச் சுரங்கத்திலே முழு என்புக்கூடுகள் பல வெளிப்பட்ட பின்னரே, அது மூக்குக் கொம்பன்று, கைப்பெருவிரலின் முள் என்பது ஐயமின்றித் தெளிவாயிற்று. ஹோக்கின்ஸை இதுபற்றி நகைத்தல் தகாது. துண்டு என்புகளிலிருந்து முழுவிலங்கைக் காண முற்பட்ட துணிவு அவருடையது.

அத்துணிவோடு பயிற்சியையும் சேர்த்தவர் அமெரிக்க ஓவியர் சாள்ஸ் நைற் (1874–1953). பிறவியிலேயே பார்வைக் குறையுடையவர். சிறுவயதிற் கல்லெறிபட்டு வலக்கண்ணும் ஊறுற்றது. இத்தகையவர் நியூ யோர்க் விலங்கினச் சாலையிலே உயிருள்ள விலங்குகளை நாள்தோறும் வரைந்தார். இயற்கை வரலாற்று நூதனசாலையிலே இறந்த விலங்குகளின் தோலுக்குக் கீழுள்ள தசைக்கட்டையும் ஆராய்ந்தார். 1894ஆம் ஆண்டளவில் பன்றியை ஒத்த அழிந்துபோன விலங்கொன்றை வரையும்படி அந்நூதனசாலையார் கேட்டபோது, பன்றியின் உடலமைப்பை அவர் அறிந்திருந்தமையே கைகொடுத்தது. பிற்காலத்திலே களிமண்ணாற் சிற்றுருச் சமைத்து, அதன்மேல் ஒளியும் நிழலும் படும் வகையை நோக்கியபின் தூரிகை எடுப்பதும் அவர் வழக்கமாயிற்று.

இம்முறையின் சிறப்பு 1916இல் அவர் தீட்டிய மம்மத் ஓவியத்திலே விளங்கும். பனி படர்ந்த சொம் ஆற்றுப் புறத்திலே சடைமயிர் யானைகள் நடந்து வருகின்றன. அவற்றின் நடையிலே பாரமுண்டு. பாரத்தைத் தாங்கும் எளிமையுமுண்டு. இங்கே ஓவியருக்கு மூவகைச் சான்றுகள் துணைநின்றன. யானை இன்றும் வாழும் விலங்கு. சைபீரியாவின் உறைநிலத்திலிருந்து மயிரும் தசையும் அழியாத உடல் 1901இல் அகழ்ந்தெடுக்கப்பட்டது. பிரான்சின் குகைச்சுவர்களிலோ மம்மத்தை நேரிற் கண்டவர்களே அதன் உயர்ந்த தலையையும் சரிந்த முதுகையும் வரைந்து வைத்துள்ளனர். என்பு உரைக்காததை அக்குகை ஓவியன் உரைக்கின்றான்.

டைனோசோர்களை வரையுமிடத்து இத்துணைகள் இல்லை. தரமும் ஒருசீராக இல்லை. 1897இல் வரைந்த ‘பாயும் லேலப்ஸ்’ வியப்புக்குரியது. ஒரு விலங்கு மற்றதன்மேற் பாய, வீழ்ந்தது கால்களை உயர்த்தி எதிர்க்கின்றது. ஊர்வன மந்தமானவை என்ற கருத்து மேலோங்கிய காலத்தில் இவ்வேகம் புதுமையானது. அதே ஆண்டில் வரைந்த புரொன்டோசோரஸோ சேற்றுநீரில் அமிழ்ந்து கிடக்கின்றது. அத்துணை ஆழத்தில் நீரின் அழுத்தம் மார்பை நெருக்க, மூச்சு வாங்குதல் இயலாதென 1951இல் கேர்மாக் எடுத்துக்காட்டினார். நிலத்தில் இழுபடும் வாலும் அத்தகையதே. கல்லிற் பதிந்த அடிச்சுவடுகளுக்கிடையே வால் இழுபட்ட கோடு காண்பது அரிது.

எனினும் இக்குறைகளினும் பெரிய குறை அவரைப் பின்பற்றியோருடையது. அவர்களிற் பலர் என்புகளை நோக்காது நைற்றின் படங்களை நோக்கி வரைந்தனர். ஆசான் விலங்கினச் சாலையிலே பெற்ற அறிவை மாணாக்கர் அவருடைய கித்தானிலே தேடினர். அதனாற் சேறும் இழுபடு வாலும் படத்துக்குப் படம் தொடர்ந்தன. 1969இல் றொபேட் பாக்கர் வரைந்த டைனோனிக்கஸ், வாலை நீட்டி விரைந்தோடும் உருவமாய் வெளிவந்து அவ்வழக்கை அசைத்தது. அவர் என்பிலிருந்து தொடங்கினார். அவ்வகையில் நைற்றின் உண்மை மாணாக்கர் அவரே எனலாம். 1996இல் சீனத்திலே இறகுச்சுவடு கொண்ட சைனோசோரப்ரெறிக்ஸ் அறியப்பட்டது. 2010இல் அதன் வாலிலே செம்பழுப்புப் பட்டைகள் இருந்தமை நிறமித் துணிக்கைகளினால் உய்த்துணரப்பட்டது. முழுக்கற்பனை என ஒதுக்கப்பட்ட நிறமும் இவ்வாறு ஓரளவு சான்றின் எல்லைக்குள் வந்துவிட்டது.

இக்கால ஓவியருட் சிலர் மறுகோடிக்குச் சென்று, என்பின்மேல் தோலை இறுகப் போர்த்தியதுபோல் வரைகின்றனர். அப்பிழையை 2012இல் வெளிவந்த ஒரு நூல் நயமாகச் சாடுகின்றது. கொன்வே, கோசெமன், நெய்ஷ் என்போர் ஆக்கிய அந்நூலிலே, என்புக்கூட்டை மட்டும் கண்ட எதிர்கால ஓவியன் ஒருவன் அன்னத்தை வரைந்தால் எவ்வாறிருக்கும் என ஒரு படம் உள்ளது. இறகில்லை; வெண்மையில்லை; சிறகென்புகள் அரிவாள்களாய் நீண்டு இரையைக் குத்துகின்றன.