நீலமாக இருந்தால் போதுமா?

வடிவமைப்பு அலுவலகங்களில் ஓர் இயந்திர உறுப்பின் தலைவிதியை இன்று கணினித் திரையின் வண்ணங்களே எழுதுகின்றன. சிவப்பு என்றால் ஆபத்து, நீலம் என்றால் பத்திரம். பெரும்பாலும் அந்த வண்ணங்கள் காட்டுவது வான் மைசஸ் தகைவு என்ற ஒற்றை எண்ணைத்தான். அந்த எண்ணை நம்பலாம். ஆனால் அது பதில் சொல்லும் கேள்வி வேறு, நாம் கேட்க நினைக்கும் கேள்வி வேறு.

ஆய்வகத்தில் எஃகின் வலிமையை ஒரே திசையில் இழுத்துத்தான் அளக்கிறோம். ஓடுகிற தண்டோ ஒரே நேரத்தில் முறுக்கப்படுகிறது, வளைக்கப்படுகிறது. இந்தக் கலவையை அந்த ஒற்றை இழுப்போடு ஒப்பிட ஒரு விதி வேண்டும். ட்ரெஸ்கா 1864இல் பெரும சறுக்குத் தகைவை அளவுகோலாக வைத்தார். 1904இல் போலந்துப் பொறியாளர் ஹூபரும் 1913இல் மைசஸும் தனித்தனியே இன்னொரு சூத்திரத்தை எட்டினார்கள். மைசஸுக்கு அது கணக்கை எளிதாக்கும் வழி மட்டுமே. ஆனாலும் 1931இல் டெய்லரும் குவின்னியும் செம்பு, அலுமினியம், மென்னெஃகுக் குழாய்களை இழுத்தபடியே முறுக்கிப் பார்த்தபோது, அளவீடுகள் மைசஸ் பக்கமே சாய்ந்தன. வெறும் முறுக்கலில் உலோகம் 'யீல்ட்' ஆவது, அதாவது நிரந்தரமாக உருமாறத் தொடங்குவது, இழுவை அளவின் 0.5 மடங்கில் என்பது ட்ரெஸ்கா கணக்கு, 0.577 மடங்கில் என்பது மைசஸ் கணக்கு. இரண்டுக்கும் இடையிலான விலகல் எங்குமே சுமார் 15 சதவீதத்தைத் தாண்டாது. ட்ரெஸ்காவைப் பின்பற்றினால் கொஞ்சம் உலோகம் கூடுதலாகும், அவ்வளவுதான். பாடப்புத்தகங்கள் இந்தச் சண்டைக்கு ஒதுக்கும் பக்கங்கள் எனக்கு அதிகமாகவே படுகின்றன.

உண்மையான குறை வேறு இடத்தில் இருக்கிறது. மைசஸ் எண்ணுக்கு இழுவையும் அமுக்கமும் ஒன்றுதான். வார்ப்பிரும்புக்கு அப்படியல்ல, அது இழுவையைப் போல மூன்று நான்கு மடங்கு அமுக்கத்தைத் தாங்கும். அதை மைசஸால் எடைபோடுவது பிழை.

எஃகிலும் அந்த எண் கைவிடும் இடம் உண்டு. 1943 ஜனவரி 16 அன்று அமெரிக்காவின் போர்ட்லண்டில், வெள்ளோட்டம் முடிந்து துறையில் அசையாமல் நின்றிருந்த 'ஸ்கெனெக்டடி' என்ற புத்தம்புது எண்ணெய்க் கப்பல் குளிரில் பிளந்தது. அடித்தட்டு மட்டுமே இரு பாதிகளையும் பிடித்துக்கொண்டிருந்தது. மேல்தளத்தில் அப்போதிருந்த தகைவு, கணக்குப்படி ஏறத்தாழ 68 மெகாபாஸ்கல். சாதாரணக் கப்பல் எஃகு யீல்ட் ஆக 200க்கு மேல் வேண்டும். இன்றைய திரையில் போட்டிருந்தால் அந்தத் தளம் நீலமாகவே தெரிந்திருக்கும். குறையுள்ள பற்றவைப்பு, தகைவு குவியும் இடம், குளிரில் நொறுங்கும் எஃகு மூன்றும் அங்கே சேர்ந்துகொண்டன. விரிசலின் நீளத்துக்கோ வெப்பநிலைக்கோ மைசஸ் சூத்திரத்தில் இடமே இல்லை. மீண்டும் மீண்டும் ஏறியிறங்கும் சுமைக்கும் இல்லை. அத்தகைய சுமையால் உடைந்து 1954இல் விழுந்த காமெட் பயணிகள் விமானங்கள் அதற்குச் சாட்சி.

விரிசலைக் கணக்கில் சேர்க்கும் வழியை கிரிஃபித் 1920களின் தொடக்கத்திலேயே கண்ணாடியில் காட்டியிருந்தார். அதை உலோகத்துக்கு ஏற்றவாறு இர்வின் 1957இல் எளிமையாக்கினார். அந்தக் கணக்கைப் போட இரண்டு விவரங்கள் தேவை: பரிசோதனையில் கண்ணுக்குத் தப்பக்கூடிய விரிசலின் நீளம், வேலை செய்யும் குளிரில் அந்த எஃகு விரிசலை எவ்வளவு எதிர்க்கும் என்ற அளவு. எந்த மென்பொருளும் இவற்றைத் தானாக ஊகித்துக்கொள்ளாது. அளந்து கொடுக்க வேண்டும்.