பிள்ளைத்தமிழ் ஒரு வளர்ச்சி அட்டவணையா?

நான் குடியிருப்பது முகப்பேரில். 'மகப்பேறு' என்பதுதான் திரிந்து முகப்பேர் ஆயிற்று என்று ஊரில் சொல்வார்கள். இங்கே இருக்கும் சந்தான சீனிவாசப் பெருமாள் கோயிலுக்குக் குழந்தை வரம் வேண்டி வெளியூர்களிலிருந்தும் வருகிறார்கள். அப்படிப்பட்ட ஊரில் என் தங்கைக்குப் பையன் பிறந்தான். பிரசவத்துக்குப் பிறகு அவள் எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். நான் தாய்மாமன்.

பத்தாவது நாள் பெரியப்பா குடும்ப வாட்ஸப் குழுவில் ஒரு ஃபார்வர்டு அனுப்பினார். அவர் ஓய்வு பெற்ற தமிழாசிரியர். எனக்குப் பழைய தமிழ் நூல்களைக் கையில் கொடுத்துப் பழக்கியவர். ஃபார்வர்டின் சாரம் இதுதான்: குழந்தை எந்த மாதத்தில் எதைச் செய்யும் என்று மேலைநாட்டு விஞ்ஞானம் இப்போதுதான் கண்டுபிடிக்கிறது. நம் முன்னோர் அதைப் பிள்ளைத்தமிழில் பத்துப் பருவமாக எப்போதோ எழுதி வைத்துவிட்டார்கள். அதன் கீழே ஒரு அட்டவணை.

இப்படி ஒன்று வந்தால் நான் இரண்டு தப்பும் செய்வேன். ஒன்று, பெருமையாக ஃபார்வர்டு செய்வேன். இல்லையென்றால் சிரித்துவிட்டு அழிப்பேன். இந்தத் தடவை இரண்டும் செய்யாமல் உட்கார்ந்து சரிபார்த்தேன். ஏன் என்பது பின்னால் வரும்.

முதலில் அட்டவணை. காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வாரானை, அம்புலி. இந்த ஏழும் ஆண், பெண் இருபாலுக்கும் பொது. கடைசி மூன்று ஆண்பாலுக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர். பெண்பாலுக்கு அம்மானை, நீராடல், ஊசல் என்பது போல. பருவத்துக்குப் பத்துப் பாட்டு, மொத்தம் நூறு. 12-ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் பாடிய குலோத்துங்கசோழன் பிள்ளைத்தமிழ்தான் நமக்குக் கிடைத்திருப்பவற்றில் பழையது. 17-ஆம் நூற்றாண்டுக் குமரகுருபரரின் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழ்தான் எல்லாரும் கொண்டாடுவது.

மாதக் கணக்கைப் பார்த்தால் 3, 5, 7, 9, 11 என்று 21 வரை போகிறது. எல்லாம் ஒற்றைப்படை. காப்பை இரண்டாம் மாதம் என்றும், வாரானையைப் பன்னிரண்டு என்றும் மாற்றிச் சொல்லும் பட்டியல்களும் உண்டு. டேட்டா பார்த்துப் பழகிய எவருக்கும் இந்த இடத்தில் மணி அடிக்கும். குழந்தைகளை உட்கார்ந்து அளந்தவர்களுக்கு இவ்வளவு சீரான இடைவெளி கிடைக்காது. உலக சுகாதார நிறுவனம் இந்தியா உட்பட ஐந்து நாட்டுக் குழந்தைகளைப் பார்த்து 2006-ல் வெளியிட்ட கணக்கில், பிடிமானம் இல்லாமல் உட்காருவது 3.8 மாதத்திலிருந்து 9.2 மாதம் வரை எப்போது வேண்டுமானாலும் நடக்கலாம். தானாக நடப்பது 8.2-லிருந்து 17.6 வரை. நூற்றுக்கு நான்கு குழந்தைகள் கையையும் முட்டியையும் ஊன்றித் தவழாமலேயே நடக்கப் போய்விட்டன. வளர்ச்சிக்கு உண்டானது தேதி அல்ல, ஜன்னல்.

சில பருவங்கள் பொருந்தத்தான் செய்கின்றன. செங்கீரை என்பது கையை ஊன்றித் தலையைத் தூக்கி ஆடுவது. ஐந்தாம் மாதக் குழந்தை அதைச் செய்யும். சப்பாணி கைதட்டுவது, ஒன்பதாம் மாதத்தை ஒட்டித் தொடங்குவது. பிள்ளை வளர்த்த வீட்டின் கண் அந்தப் பாட்டுக்குள் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் தால்? தாலாட்டு ஏழாம் மாதத்திலா ஆரம்பிக்கும்? எங்கள் அம்மா ஆஸ்பத்திரி வார்டிலேயே ஆரம்பித்துவிட்டார். கடைசி மூன்றில் ஆணுக்குப் பறையும் தேரும், பெண்ணுக்கு நீராடலும் ஊசலும் என்று பிரிவது உடல் வளர்ச்சியே அல்ல, சமூகம்.

இதைவிட நல்ல சான்று பெரியாழ்வார். பிள்ளைத்தமிழ் என்ற வகை உருவாவதற்கு முன்பே பாடியவர். அவருடைய திருமொழியில் வரிசையே வேறு. ஆயர்பாடியில் குழந்தை பிறந்த கொண்டாட்டம், எண்ணெயும் மஞ்சளும் தெளித்து ஓடி விழுந்து ஆடுவது, அதுதான் முதல். அடுத்து குழந்தையின் பாதத்திலிருந்து தலைவரை ஒவ்வோர் அங்கமாக வந்து பார்க்கச் சொல்லி அழைப்பது. பிறகு தாலாட்டு. அதற்கும் பிறகு நிலவை அழைப்பது. செங்கீரையும் சப்பாணியும் அதற்கு அப்புறம்தான். பாட்டியல் கணக்கில் பதினைந்தாம் மாதம் வரும் அம்புலி, இங்கே ஐந்தாம் மாதச் செங்கீரைக்கு முன்னால் நிற்கிறது. ஒரே உண்மையை அளந்து எழுதிய இரண்டு அட்டவணைகள் இப்படி முரண்படாது. இவை அட்டவணைகளே இல்லை.

ஃபார்வர்டில் இன்னொரு வரி: வளைகாப்பு வளையல் சத்தம் கருவின் காதைப் பழக்கவே ஏற்பட்டது. கரு ஆறு மாதத்தை ஒட்டிக் கேட்கத் தொடங்குவது உண்மை. ஆனால் வயிற்றுச் சுவரையும் பனிக்குட நீரையும் தாண்டி நன்றாகப் போவது தாழ்ந்த ஒலி. வளையலின் கிணுகிணு உயர்ந்த ஒலி, அது வழியிலேயே மங்கிவிடும். உள்ளே போய்ச் சேருவதில் முதலிடம் அம்மாவின் குரலுக்கு. 1980-ல் டிகாஸ்பர், ஃபைஃபர் இருவரும் மூன்று நாள்கூட ஆகாத குழந்தைகளின் வாயில் ரப்பர் காம்பைக் கொடுத்து, சப்பும் தாளத்தை மாற்றினால் அம்மாவின் குரல் கேட்கும்படி வைத்தார்கள். குழந்தைகள் தாளத்தை மாற்றிக்கொண்டன.

இங்கேதான் பிள்ளைத்தமிழின் பெரிய வெற்றிடம் தெரிகிறது. காப்புக்கு முந்தைய இரண்டு மூன்று மாதம் அதில் இல்லை. ஆனால் புலன்களின் கதை அங்கேதான் கிடக்கிறது. பிறந்த குழந்தைக்குத் தெளிவாகத் தெரிவது 20, 30 சென்டிமீட்டர் தூரம்தான். மடியில் படுத்துப் பால் குடிக்கும்போது அம்மா முகம் இருக்கும் தூரம். ஆறாம் நாளில் தன் அம்மாவின் பால் வாசனையை வேறொருவர் வாசனையிலிருந்து பிரித்து அந்தப் பக்கம் தலையைத் திருப்பும் என்று 1975-ல் மக்ஃபார்லேன் காட்டினார். இனிப்பு பிறவியிலேயே பிடிக்கும். நாம் சேனை வைப்பது அந்த நாக்குக்குத்தான். (ஆனால் ஒரு வயது முடியும்வரை தேன் கூடவே கூடாது, அதில் பாட்டுலிசம் கிருமியின் வித்துகள் இருக்கலாம். எங்கள் வீட்டில் இதற்கே ஒரு சண்டை.)

சரி, நான் ஏன் சரிபார்த்தேன் என்பதற்கு வருகிறேன்.

பிறந்த இரண்டாம் நாள் பையனுக்குச் செவிச் சோதனை செய்தார்கள். காதில் சின்ன முனையை வைத்து 'டிக் டிக்' என்று ஒலி அனுப்புவார்கள். உள்காதின் மயிர் செல்கள் நன்றாக இருந்தால் அவை பதிலுக்கு ஒரு மெல்லிய ஒலியை வெளியே அனுப்பும். 1978-ல் டேவிட் கெம்ப் கண்டுபிடித்தது. நம்ம பாஷையில் சொன்னால் பிங் அடித்துப் பதில் வருகிறதா என்று பார்ப்பது. வலது காதில் பதில் வந்தது. இடது காதுக்கு 'ரெஃபர்' என்று எழுதிவிட்டார்கள். காதுக்குள் நீரோ மாவோ இருந்தாலும் அப்படி வரும், மூன்று வாரம் கழித்து மறுபடி வாங்க என்றார்கள்.

வீட்டில் யாருக்கும் மறுபடி போக மனசில்லை. "கை தட்டினா முழிக்கிறானே" என்றார் அம்மா. ஒரு காது கேட்டாலே முழிப்பான், அதிர்வுக்கும் முழிப்பான். "பாரு, ங்கா சொல்றான் பாரு" என்றது பக்கத்து வீடு. காது கேட்காத குழந்தையும் முதல் மாதங்களில் ங்கா சொல்லும். கடைசியாகப் பெரியப்பா போனில் வந்தார்.

"ஏம்ப்பா பச்சப் புள்ளைய அலைய விடுறீங்க? ஏழாம் மாசம்தான் தால். அப்ப பாத்துக்கலாம். குமரகுருபரரே அஞ்சு வயசு வரைக்கும் பேசலையேடா!"

அந்தக் கதை நமக்குத் தெரிந்ததுதான். ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த குமரகுருபரர் ஐந்து வயது வரை பேசவில்லை. பெற்றோர் திருச்செந்தூருக்குக் கொண்டுபோனார்கள். முருகன் அருளால் வாய் திறந்து கந்தர் கலிவெண்பா பாடினார். மிகச் சிறந்த பிள்ளைத்தமிழை எழுதியவர் அந்தப் பருவங்களுக்குள் அடங்காத பிள்ளை. பெரியப்பா இதைப் பொறுமைக்கு உதாரணமாகச் சொன்னார். எனக்கு வேறு மாதிரி கேட்டது. பேசாத பிள்ளையை வைத்துக்கொண்டு அந்த அப்பா அம்மா சும்மா இருக்கவில்லையே பெரியப்பா, தூக்கிக்கொண்டு திருச்செந்தூர் போனார்கள் இல்லையா என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "சரி, போய்ட்டு வாங்க" என்றார்.

காத்திருப்பதற்கு இங்கே விலை உண்டு. பிறவிச் செவித்திறன் குறை ஆயிரத்தில் ஒன்றிலிருந்து மூன்று குழந்தைகளுக்கு இருக்கிறது. ஒரு மாதத்துக்குள் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதி, ஆறு மாதத்துக்குள் சிகிச்சை என்பது மருத்துவர்கள் வைத்திருக்கும் கணக்கு. காரணம் மூளை. 1984-ல் கனடாவில் வெர்க்கரும் டீஸும் காட்டியது: ஆங்கில வீட்டுக் குழந்தைகள் ஆறு, எட்டு மாதத்தில் இந்தியின் 'த'வையும் 'ட'வையும் பிரித்துக் கேட்கின்றன, பத்து, பன்னிரண்டு மாதத்துக்குள் அந்தத் திறன் பெரும்பாலும் போய்விடுகிறது. வீட்டில் புழங்கும் ஒலிகளைக் காது தேர்ந்து முடிக்கும் காலம் அது. அட்டவணையை நம்பி ஏழாம் மாதம் வரை காத்திருக்கும் வீட்டில், அந்தத் தேர்வு பாதி நடந்திருக்கும். தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் காக்ளியர் இம்ப்ளாண்ட் கிடைக்கிறது. அதுவும் சீக்கிரம் வைத்தால்தான் பேச்சு நன்றாக வரும்.

அப்படியென்றால் பிள்ளைத்தமிழ் வெறும் சம்பிரதாயமா? இல்லை. நாம் தப்பான கேள்வியோடு படிக்கிறோம். குழந்தை என்ன செய்யும் என்று அது சொல்லவில்லை. பெரியவர்கள் குழந்தையிடம் என்ன பேசுவார்கள் என்று சொல்கிறது. ஆடு, தட்டு, முத்தம் தா, வா. நூறு பாட்டும் பதில் சொல்லத் தெரியாத ஒருவரிடம், பதில் வரும் என்ற நம்பிக்கையில் பேசுவது. 1978-ல் ட்ரானிக் வெளியிட்ட சோதனையில், சிரித்துப் பேசிக்கொண்டிருந்த அம்மா திடீரென்று முகத்தை அசையாமல் வைத்துக்கொள்கிறார். சில மாதக் குழந்தை சிரித்துப் பார்க்கிறது, கையை நீட்டுகிறது, எதுவும் நடக்காமல் கடைசியில் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. பேச்சுக்குப் பேச்சு, முகத்துக்கு முகம் கிடைப்பது அதற்கு அவ்வளவு முக்கியம். பிள்ளைத்தமிழ் முழுக்க அசையாத முகத்துக்கு நேர் எதிர்.

அம்புலியில் இது உச்சம். அங்கே பேச்சு குழந்தையோடு இல்லை, நிலவோடு. 'என் பிள்ளையோடு விளையாட வா' என்று நிலவை அழைக்கிறார்கள். குழந்தை அம்மாவின் விரலைப் பார்த்து, விரல் காட்டும் இடத்தைப் பார்த்து, மறுபடி அம்மாவைப் பார்க்க வேண்டும். இருவர் சேர்ந்து மூன்றாவது ஒன்றைப் பார்ப்பது. ஒன்பதாம் மாதத்திலிருந்து இது மெல்ல வருகிறது. ஒன்றரை வயதாகியும் எதையும் விரல் நீட்டிக் காட்டாத குழந்தையை மருத்துவரிடம் காட்டச் சொல்வார்கள். ஏழு பொதுப் பருவத்தில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

மூன்று வாரம் கழித்துப் போனோம். இரண்டு காதிலும் பதில் வந்தது. இடது காதில் வெறும் மாவுதான் இருந்திருக்கிறது. பெரியப்பாவிடம் சொன்னேன். "அப்ப நான் சொன்னதுதானே சரி" என்று சிரித்தார். அந்த ஒரு பிள்ளைக்குச் சரி பெரியப்பா, என்றேன். அடுத்த மாதம் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழை எடுத்துக்கொண்டு வருகிறாராம், பேரனுக்குப் படித்துக்காட்ட. ஏழாம் மாதம் வரை காத்திருக்கப் போவதில்லை என்கிறார்.

உங்கள் வீட்டில் கைக்குழந்தை இருந்தால் டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்து, செவிச் சோதனை நடந்ததா, இரண்டு காதுக்கும் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். தீவிர சிகிச்சையில் இருந்த குழந்தையென்றால் 'பெரா' சோதனையையும் கேளுங்கள். தாலாட்டை இன்றைக்கே பாடலாம்.