ஊளை யாருடையது?

சாயத்தொட்டியில் விழுந்து நிறம் மாறிய நரி காட்டுக்கே அரசனாகிவிடும் பஞ்சதந்திரக் கதையை வெளியரங்கில் ஆடுவதற்கு வன்னியைப் போல் வாய்ப்பான நிலம் குறைவு. முல்லைத்தீவுக் கோவலன் கூத்தும் காத்தவராயன் கூத்தும் சனங்கள் களரியைச் சூழ்ந்திருக்க விடிய விடிய ஆடப்பட்டவை. பார்ப்பவரும் ஆடுபவரும் முகம் பார்த்துக்கொள்ளும் அந்தப் பழக்கத்தை இங்கே புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. 1978இல் யாழ்ப்பாணத்தில் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடக்கிய குழந்தை ம. சண்முகலிங்கம், 'கூடி விளையாடு பாப்பா', 'பஞ்சவர்ண நரியார்' முதலியவற்றால் சிறுவர் அரங்குக்குப் போட்ட அடித்தளமும் நம்மிடம் இருக்கிறது.

குறை, பிள்ளைகளைப் பங்கேற்க வைப்பதாகச் சொல்லும் முறையில்தான். "நரியார் எங்கே ஒளிச்சிருக்கிறார்?" என்று நடிகர் கேட்கிறார். "அங்கே!" என்று பிள்ளைகள் கத்துகிறார்கள். சத்தம் பெரிதுதான். ஆனால் அவர்கள் வாய்மூடி இருந்தாலும் நாடகம் அதே வழியில் போய் அதே இடத்தில் முடியும். கடைசியில் ஒருவர் முன்னே வந்து நீதி சொல்கிறார். கண்ணிவெடி, சுகாதாரம் என்று விழிப்புணர்வுக்காகவே ஆடிய தெருவெளி நாடகங்களில் செய்தியைச் சொல்லாமல் விடமுடியாது. ஓர் உயிர் அதில் தங்கியிருந்தது. அந்த வழக்கத்தை நகைச்சுவைக் கதைக்குள்ளும் கொண்டுவந்தால் சிரிப்பு பாதியிலே அறுந்துபோகும்.

பிள்ளைகள் உண்மையாகவே பங்கேற்பதற்குக் கதையே வழி வைத்திருக்கிறது. அரசனான நரி முதலில் துரத்துவது தன் இனத்தைத்தான். பின்னொருநாள் தூரத்தில் நரிகள் ஊளையிட, தன்னை மறந்து தானும் ஊளையிட்டு அகப்படுகிறது. சுற்றியிருக்கும் பிள்ளைகளையே அந்தத் துரத்தப்பட்ட நரிகளாக்கலாம். வன்னிப் பிள்ளைக்கு நரி ஊளையைச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. எப்போது ஊளையிடுவது என்பதை அவர்கள் தீர்மானிக்கட்டும்; அதுவரை அரசன் ஆளட்டும். நடிகருக்கு இது கடினம், ஒத்திகையில் முடிவு கட்டமுடியாத காட்சி இது. ஒலிவாங்கியின் முன் நின்றபடி இதைச் செய்யவும் முடியாது. வட்டம் சிறிதாகவும் வெயில் தாழ்ந்தும் இருக்கவேண்டும்.

மூலக்கதையில் அகப்பட்ட நரியை மற்ற விலங்குகள் கொன்றுவிடுகின்றன. இந்த இடத்தில் எனக்கு உறுதியான கருத்து உண்டு: இவ்வளவு இழப்புகளைக் கண்ட மண்ணில் அந்தக் கொலையைக் கைதட்டலுக்குரிய முடிவாக ஆடக்கூடாது. பிரேசிலின் அகஸ்தோ போவால் பார்வையாளரை மேடைக்கு அழைத்துக் கதையின் போக்கை மாற்றச் செய்ததுபோல, தீர்ப்பைப் பிள்ளைகளிடம் விடலாம். மன்னிக்கச் சொன்னாலும் துரத்தச் சொன்னாலும், ஏன் இத்தனை நாள் அவனை நம்பினோம் என்று திருப்பிக் கேட்டாலும், அதை அங்கேயே ஆடிக்காட்டக் குழு தயாராக இருக்கவேண்டும்.