சொல்லக்கூடாத காலம்

தமிழ் சினிமாவில் காலப்பயணக் கருவி வரவரச் சிறுத்துக்கொண்டே வந்திருக்கிறது. 2015இல் ‘இன்று நேற்று நாளை’யில் அது ஓர் இயந்திரம். 2016இல் ‘24’ படத்தில் கைக்கடிகாரம். 2020 பிப்ரவரி 14 அன்று வெளியான அஷ்வத் மாரிமுத்துவின் ‘ஓ மை கடவுளே’யில் ஒரு டிக்கெட், அவ்வளவுதான். கருவியோடு சேர்ந்து அது திருத்தப் புறப்படும் உலகமும் சிறுத்து, கடைசியில் ஓர் ஆணின் மனசுக்குள் வந்து நின்றுவிடுகிறது. இந்தக் காதல் நகைச்சுவைப் படத்தோடு எனக்குள்ள பிணக்கு இதுதான்.

அர்ஜுனும் (அசோக் செல்வன்) அனுவும் (ரித்திகா சிங்) சிறுவயதுச் சிநேகிதர்கள். கட்டிக்கிறியா என்று அவள் கேட்கிறாள், இவன் சரி என்கிறான். கல்யாணம், சண்டை, விவாகரத்துக் கோர்ட். அப்போது கடவுள் (விஜய் சேதுபதி) குறுக்கிட்டு, டிக்கெட் ஒன்றைக் கொடுத்து, அவள் கேட்ட அந்தக் கணத்துக்கே அவனைத் திருப்பி அனுப்புகிறார். நிபந்தனை: விஷயத்தை யாரிடமும் சொல்லக்கூடாது.

கதையை நகர்த்தும் உத்தி என்று இதை ஒதுக்கிவிட முடியாது. அந்தத் தாம்பத்தியத்தை வாழ்ந்தவர்கள் இரண்டு பேர். ஞாபகம் ஒருத்தனுக்கு மட்டும். கோர்ட் வரை வந்த அனுவின் கோபத்துக்கு யாரும் பதில் சொல்வதில்லை. அது நடக்கவே இல்லை என்று ஆக்கப்படுகிறது. இரண்டாவது வாழ்க்கையில் அவள் மறுபடி வாசிக்கப்படும் ஒரு பிரதி. வாசகன் அவன் ஒருவனே. தான் வாசிக்கப்படுவதுகூட அவளுக்குத் தெரியாது. கடைசியில் இருவரும் சேர்கிறார்கள். நமக்கும் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனால் திருந்தியவன் அவன், பரிசுப் பொருள் அவள்.

படத்தில் எனக்குப் பிடித்த இடம் மாமனார் (எம்.எஸ். பாஸ்கர்) சம்பந்தப்பட்டது. அவருடைய கழிப்பறைக் கோப்பைக் கம்பெனியில்தான் அர்ஜுனுக்கு வேலை. அந்த வேலையை அவன் வெறுக்கிறான். அந்த மனுஷன் ஏன் இந்தத் தொழிலுக்கு வந்தார் என்பது இரண்டாம் சுற்றில்தான் அவன் காதில் விழுகிறது. உழைப்பைப் பற்றிய இப்படியொரு பேச்சு நம் காதல் படங்களில் அபூர்வம். ஆனால் இதைக் கேட்க டிக்கெட் எதற்கு? பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கேட்டிருக்கலாமே. வீட்டு ஆம்பளை காது கொடுத்துக் கேட்பதற்கே கடவுள் இறங்கிவர வேண்டியிருக்கிறது. படத்தின் அசல் நகைச்சுவை இது. படமே இதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

நான் இருப்பது சிவகாசியில். காலத்தை அச்சடித்து விற்கும் ஊர். ஆடிப்பெருக்கு அன்றே அடுத்த வருஷத்துக் காலண்டர் ஆல்பம் இங்கே வெளியாகிவிடும். நல்ல நேரம், ராகுகாலம், முகூர்த்தம் எல்லாம் முன்கூட்டியே தயார். அதே ஊரைச் சுற்றித்தான் பட்டாசு ஆலைகளும். அந்த டிக்கெட் இங்கே ஒரு பெண்ணின் கைக்குக் கிடைத்தால் அவள் எந்தத் தேதிக்குத் திரும்புவாள்? 2012 செப்டம்பர் 5 என்று சொல்லக்கூடியவர்கள் உண்டு. அன்று முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்தது. ஆலையில் வேலை செய்தவர்களோடு, காப்பாற்ற ஓடிப்போனவர்களும் செத்தார்கள். அந்தக் காலைக்குத் திரும்புகிறவளுக்குத் தன் மனசைத் திருத்திக்கொள்ள ஒன்றுமில்லை. “இன்னிக்குப் போகாதய்யா” என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அதைத்தான் இந்தக் கடவுள் சொல்லக்கூடாது என்கிறார்.

காதல் படத்திடம் போய் வெடிவிபத்தைக் கேட்பது நியாயமா என்று நண்பர்கள் கேட்கக்கூடும். நான் கேட்பது விபத்தை அல்ல, நிபந்தனையை. சொல்லாமலே திருத்திக்கொள்ளலாம் என்பது, தன்னைத் தவிர வேறு எதையும் இழக்காதவனுக்கு மட்டுமே வசதியான காலம். இழந்தவர்களுக்குச் சொல்வதுதான் எல்லாமே.

அனுவும் இழந்தவள்தான். டிக்கெட் அவளுக்குக் கிடைத்து, எல்லா ஞாபகத்தோடும் அவள் திரும்பிப் போயிருந்தால், அர்ஜுனிடம் மறுபடியும் கட்டிக்கிறியா என்று கேட்டிருப்பாளா? கேட்டிருக்கலாம், கேட்காமலும் போயிருக்கலாம். அந்தச் சந்தேகத்துக்கு இடம் கொடுத்திருந்தால் இது இன்னும் நல்ல காதல் படமாகியிருக்கும்.