'உள்ளடக்கிய' பள்ளி: யாரு யாரை?

'உள்ளடக்கிய கல்வி' என்பது இன்றைக்கு ஆசிரியர் பயிற்சிகளின் செல்லச் சொல். உள்ளடக்குவது யாரு, உள்ளடக்கப்படுவது யாரு என்ற கேள்வி மட்டும் அங்கே எழுவதில்லை. அந்தச் சொல்லுக்குள்ளேயே ஒரு 'அடக்கு' உட்கார்ந்திருக்கிறது.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் தலித் மாணவர் ஒருவரையும் அவருடைய தங்கையையும் வீடு புகுந்து வெட்டியவர்களில் கூடப் படித்தவர்களும் இருந்தார்கள். ஆக, ஒரே வகுப்பில் உட்கார வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பது பொய். இதையொட்டி அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அளித்த அறிக்கையை ஒரு பிரதியாக வாசிக்க வேண்டும். சாதிக் கயிறுகளுக்குத் தடை, அகரவரிசையில் இருக்கை, பி.எட். பாடத்திட்டத்தில் மாற்றம் என்று பரிந்துரைகள் போகின்றன. ஆனால் பிரதியின் கூர்மையான இடம் வேறு: ஒரு பகுதியின் ஆதிக்கச் சாதியைச் சேர்ந்தவரை அங்கேயே தலைமையாசிரியராக அமர்த்தக் கூடாது என்பது. மாணவனின் மணிக்கட்டில் இருக்கும் சாதி ஆசிரியரின் நாற்காலியிலும் இருக்கிறது என்பதை இந்த ஒரு பரிந்துரை ஒப்புக்கொண்டுவிடுகிறது.

நம் பயிற்சிச் சொல்லாடலோ 'எனக்கு எல்லாப் பிள்ளைங்களும் ஒண்ணுதான் சார்' என்பதோடு நின்றுபோகிறது. சாதி பார்க்காதவர், சாதியால் தனக்குக் கிடைத்ததையும் பார்க்காதவர்தான். தலித் பிள்ளையைப் 'புரிந்துகொள்ள'க் கற்றுத்தருவது அப்புறம் இருக்கட்டும். ஆசிரியர் முதலில் தன் தெருவை, தன் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையை எடுத்து வாசிக்கணும். பயிற்சி அங்கேதான் தொடங்க முடியும்.