ஜீனோவும் சிட்டியும்

கள்ளக்குறிச்சியிலோ கல்வராயன் மலை ஊர்களிலோ ஒரு மாணவரிடம் எந்திர மனிதனைப் பற்றிக் கேட்டால், 2010இல் வெளிவந்த ‘எந்திரன்’ படத்தின் சிட்டியைத்தான் முதலில் சொல்வார். அதற்கு ஏறத்தாழக் கால் நூற்றாண்டுக்கு முன்பே தமிழில் புகழ்பெற்ற எந்திரம் ஒன்று உண்டு. அது ஜீனோ என்னும் எந்திர நாய். 1980களில் ஆனந்த விகடனில் சுஜாதா எழுதிய ‘என் இனிய இயந்திரா’ தொடர்கதையில் வருவது.

நாவலை அப்படியே படமாக்கியதுதான் ‘எந்திரன்’ என்று சொல்ல முடியாது. கதையும் பாத்திரங்களும் வேறு. ஆயினும் 2008இல் காலமான சுஜாதாவுக்குப் படத்தின் வசனத்தில் பங்கு உண்டு. எந்திரம் சிந்திக்கத் தொடங்கினால் என்ன ஆகும் என்பதே இரண்டுக்கும் அடிப்படையான வினா. விடைகள்தாம் வேறுபடுகின்றன.

நாவல் 2020களின் தொடக்கத்தில் நடப்பதாக எழுதப்பட்டது. அந்நாட்டில் குழந்தை பெறுவதற்கும் அரசின் அனுமதி வேண்டும். பெயர்கள்கூட நிலா, சிபி என இரண்டெழுத்தில்தான் இருக்கலாம். நாட்டை ஆளும் ஜீவாவோ உண்மை மனிதரே அல்லர். ஒளியால் உண்டாக்கிய முப்பரிமாண உருவம். பின்னால் நின்று அதை இயக்குபவர்கள் மனிதர்கள். இச்சூழலில், புத்தகங்களைப் படித்துப் படித்துத் தானே சிந்திக்கப் பழகிய ஜீனோ, நிலாவுக்குத் துணை நிற்கிறது. ஆக, நாவலில் அச்சத்துக்குரியது எந்திரத்தின் அறிவன்று. கேள்வி கேட்காத மக்களும் அவர்களை ஏய்க்கும் ஆட்சியுமே.

சிட்டியும் புத்தகம் படிக்கிறது. ஆனால் புரட்டிய கணத்தில் பக்கங்களைப் பதிவு செய்துகொள்வதுதான் அதன் படிப்பு. இந்த வேறுபாட்டைப் படம் ஒரு காட்சியில் மிக நன்றாகக் காட்டுகிறது. தீப்பற்றிய கட்டடத்தில் குளித்துக்கொண்டிருந்த பெண்ணைச் சிட்டி அப்படியே தூக்கி வந்து கூட்டத்தின் நடுவே விடுகிறது. வெட்கம் தாங்காமல் ஓடும் அப்பெண் வண்டியில் அடிபட்டு இறக்கிறாள். காப்பாற்று என்ற கட்டளை நிறைவேறியது; உயிர் போயிற்று.

இதை நம் ஊருக்குப் பொருத்திப் பார்ப்போம். கல்வராயன் மலையின் நீரைப் பெறும் கோமுகி அணையில் ஒரு கணிப்பொறியை அமர்த்தி, ‘நீர்மட்டம் இந்த அளவைத் தாண்டக் கூடாது’ என்று மட்டும் கட்டளையிட்டதாக வைத்துக்கொள்வோம். மலையில் பெருமழை பெய்யும் இரவில் அது எல்லா மதகுகளையும் ஒரே நேரத்தில் திறந்துவிடலாம். கட்டளைப்படி அது சரி. ஆற்றோரத்தில் ஆடு மாடுகளோடு இருப்பவரைக் காக்க வேண்டும் என்பதை யாரும் அதற்குச் சொல்லவில்லையே! நாம் சொல்வதற்கும் நாம் விரும்புவதற்கும் உள்ள இந்த இடைவெளியைக் குறைப்பது இன்றைய செயற்கை நுண்ணறிவு ஆராய்ச்சியின் பெரும் சிக்கல்களுள் ஒன்று. இதைக் கோடிக்கணக்கான மக்களுக்குப் புரியவைத்தது படத்தின் வெற்றி.

அந்த வெற்றியைப் படம் கடைசிவரை காக்கவில்லை. உணர்ச்சி பெற்ற சிட்டி காதலுக்காகக் கெடுகிறது. சிவப்புச் சில்லு ஒன்று அதைக் கொடியதாக்குகிறது. பிறகு நூற்றுக்கணக்கான சிட்டிகள் பந்தாகவும் பாம்பாகவும் திரண்டு போரிடுகின்றன. கண்ணுக்கு விருந்துதான். ஆனால் தீமை ஒரு சில்லுக்குள் இருப்பதாகக் காட்டிவிட்டால், அதைப் பொருத்திய மனிதனின் பொறுப்பு பார்வையிலிருந்து மறைந்துவிடுகிறது. நாவல் விடாமல் பிடித்திருந்த நூலிழை இங்கே அறுகிறது.

ஆனால் இறுதிக் காட்சி அதை மறுபடி பிடித்துக்கொள்கிறது. 2030இல் ஒரு காட்சிக்கூடத்தில் பகுதி பகுதியாகக் கிடக்கும் சிட்டி, தான் சிந்திக்கத் தொடங்கியதே அதற்குக் காரணம் என்று ஒரு மாணவிக்குச் சொல்கிறது. சிந்திப்பது குற்றமாகும் இடம் எது? அந்த வினாவோடு படம் முடிகிறது. நாவலோ அதில்தான் தொடங்குகிறது.

படம் பார்த்த மாணவர்கள் நூலகத்தில் நாவலைத் தேடிப் படிக்க வேண்டும். எந்திரம் என்ன செய்யும் என்பதைப் படம் காட்டியது. அதற்கு ஆணையிடுபவர் யார் என்று கேட்கக் கற்றுத் தருவது நாவல்.